மையில் போட்ட கதிரை

என் அக்காவைப் பல்கலைக்கழகத்துக்குப் போகவிடாமல் செய்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. தப்பித்துக்கொள்வதற்காக வயதைச் சொல்லவில்லை. செய்வது இன்னதென்று தெரிந்தே செய்தேன்.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் சரிவில் இருந்தது. இன்றும் நானும் அக்காவும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். முன் அறை ஜன்னலைத் திறந்தால் உட்துறைமுகம் தெரியும். மதிய வேளையில் அந்தத் தண்ணீர் அசையாது. யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்தவை போலக் கப்பல்கள் அதன்மேல் நிற்கும்.

அக்காவுக்கு உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்திருந்தது. மருத்துவத்துக்கு அது போதுமா, போதாதா என்று மட்டும் எவராலும் சொல்ல முடியவில்லை. விண்ணப்பத்தில் விரும்பிய படிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள், அதுவும் இல்லையென்றால் மூன்றாவதை. எழுதாமல் விட்டது, எவ்வளவு புள்ளி இருந்தாலும், கிடைக்காது.

அம்மாவின் தம்பி கணித ஆசிரியர். முன்னைய ஆண்டுகளில் எந்தப் புள்ளிக்கு எந்தப் பிள்ளைக்கு எது கிடைத்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சாப்பாட்டு மேசையில் அவர் அப்பாவிடம் சொன்னார்.

"அத்தான், மருத்துவம் எழுதட்டும், நான் மறிக்கேல்லை. ஆனா எங்கட மாவட்டத்துக்கு இடம் கொஞ்சம். ஒரு வலையை ஆழத்தில போட்டா ஒண்டை நடுவில போடவேணும், ஒண்டைக் கரையோட போடவேணும். மருத்துவத்துக்குக் கீழ பல்லு வைத்தியம், பிறகு விவசாயம், கடைசியா விஞ்ஞானம். விஞ்ஞானம் எப்பிடியும் கிடைக்கும்."

"கரையில சூடை மீன் பிடிக்கவோ இவள் இவ்வளவு நாளும் கண்முழிச்சவள்?" என்றார் அப்பா. "நாலையும் எழுதினா, இவளுக்கு எதைக் குடுத்தாலும் போதுமெண்டு நினைப்பாங்கள். ஒண்டை மட்டும் எழுதினாத்தான் எங்கட விருப்பம் விளங்கும்."

"அங்க இருக்கிறவங்கள் விருப்பத்தைப் பாக்கிறேல்லை அத்தான், புள்ளியைத்தான் பாக்கிறவங்கள். அது ஒண்டை மட்டும் எழுதி, அதுவும் தவறினா, பிள்ளை வீட்டோட இருக்கவேண்டியதுதான்."

மாமாவின் அந்தக் கடைசி வசனத்தை அந்த மேசையில் கவனமாகக் கேட்டவன் நான் ஒருவன்தான். அக்காதான் என்னைக் குளிக்கவார்ப்பவள், இடி முழங்கினால் தன் பாயில் இடம் தருபவள். பல்கலைக்கழகம் இருக்கும் பேராதனை எங்கே என்று எனக்குத் தெரியாது. மருத்துவமோ விவசாயமோ, எது கிடைத்தாலும் அவள் போய்விடுவாள் என்பது தெரியும். கிடைக்காவிட்டால் வீட்டோடு இருப்பாள்.

அக்கா மாமா சொன்ன நான்கையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். விவசாயம் என்ற சொல்லை மட்டும் சற்று அழுத்தி எழுதியிருந்தாள். கிணற்றடியில் கத்தரிக்கு ஒட்டுப்போட்டுப் பார்ப்பவள் அவள்.

மாமாவும் அப்பாவும் இணங்கவில்லை. சல்லி என்ற கடலோர ஊரில், வரப்போவதை அறிய மை பார்க்கும் ஒருவர் இருப்பதாக அம்மா சொன்னா. அலுவலகத்தில் ஆங்கிலத்தில் கடிதம் வரையும் என் அப்பா அதைக் கேட்டதும் செருப்பைத் தேடினார். சம்மதம் என்று அதற்குப் பொருள். மையைப் பெரியவர்கள் பார்க்க முடியாது, பருவமடையாத பிள்ளைதான் பார்க்க வேண்டும். ஆகவே என்னை முழுகவார்த்து, வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போனா.

கருவாடு காயும் பரண்களுக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. உச்சி வெயில். காகம்கூடக் கத்தவில்லை. அந்த ஊரில் வெயில் படாத ஒரே முகம் அந்த மனிதருடையதாக இருந்திருக்கும். என் உள்ளங்கையில் வெற்றிலையை வைத்து, நடுவில் கறுப்பு மையை வட்டமாகப் பூசினார்.

"கண் வெட்டாமப் பாரும் தம்பி. முதல்ல ஒராள் வந்து கூட்டும். பிறகு கதிரை போடும். பிறகு வாறவர் வந்து இருப்பார். அவரிட்ட நான் கேட்பன், நீர் கண்டதைச் சொல்லும்."

என்ன சொல்வதென்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். மையில் ஒன்றும் தெரியாது என்றும் நம்பியிருந்தேன்.

தெரிந்தது. பசி, வெயில், கற்பூரப் புகை என்று பின்னாளில் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கண்டதைக் கண்டேன். ஒரு பெண் குனிந்து கூட்டினாள். கூட்டியது எங்கள் முன் அறை. பிறகு அங்கே ஒரு கதிரை இருந்தது, ஜன்னலைப் பார்த்தபடி. பிறகு அதில் ஒருத்தி இருந்தாள். முழுக்க நரைத்த தலை. முதுகு மட்டும் தெரிந்தது. அவளுக்கு அப்பால் அசையாத தண்ணீர். கதவடியில், நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவன் நின்றான். ஒரு கால் வாசற்படியில் இருந்தது. அவர்கள் இருவரும் அசையவில்லை. அவன் எதையோ சொல்லப் போகிறான் என்று தோன்றியது. நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

"வந்து இருந்தாச்சோ?" என்றார் அவர்.

"ஓம்."

"ஆர்?"

"அக்கா. வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கிறா. கழுத்தில குழாய்."

"வேற படிப்பு ஏதும் தெரியுதோ?"

"இல்லை. அது மட்டும்தான்."

அம்மா அழுதுகொண்டே கும்பிட்டா. அந்த மனிதர் வெற்றிலையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையில் ஒட்டிய மை போகவில்லை. கிணற்றடியில் அக்கா சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கையை விடாமலே கேட்டாள்.

"உண்மையாக் கண்டனியோ?"

"ஓம் அக்கா."

"எப்பிடி இருந்தனான்?"

"வடிவா."

அவள் சிரித்தாள். அன்று பின்னேரம் பென்சிலால் எழுதியதை அவளே அழித்தாள். மருத்துவம் என்று மட்டும் பேனாவால் எழுதினாள்.

மிகச் சில புள்ளிகளால் அது தவறிப்போனது. அவளைவிடக் குறைந்த புள்ளி எடுத்த வகுப்புத் தோழி ஒருத்தி விவசாயம் படிக்கப் போனாள். பயணம் சொல்ல அவள் வந்தபோது அக்கா குசினியை விட்டு வெளியே வரவில்லை. மறுபடி பரீட்சை எழுதினாள். புள்ளி இன்னும் இறங்கியது. மூன்றாம் முறை எழுதச் சொல்லி மாமா வந்து கெஞ்சினார். அவள் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டாள்.

சில நாட்களின் பின் ஒரு மதியம், அம்மா முன் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தா. கூட்டி முடிந்ததும் அக்கா வந்தாள். மூலையில் கிடந்த பிரம்புக் கதிரையை இழுத்து ஜன்னலடியில் போட்டாள். வந்து இருக்கப்போவது யார் என்று எனக்கு முன்பே தெரியும். அதன்பின் மதிய வேளைகளில் நான் அந்த அறைக்குள் போவதில்லை.

நான் விரும்பியபடி அவள் வீட்டோடு இருந்தாள். இடி முழங்கிய இரவுகளில் நான் போய்ப் பக்கத்தில் படுத்தால் ஒதுங்கி இடம் தருவாள். ஒரு சொல் பேசமாட்டாள்.

என் முறை வந்தபோது வரிசையை எழுதித் தந்தது அக்காதான். மூன்று வலைகளையும் போட்டாள். நடுவலையில் நான் அகப்பட்டுப் பேராதனைக்குப் போனேன். சண்டைக் காலம் முழுவதும் அவள் பெற்றோரைப் பார்த்துக்கொண்டாள். அவர்களும் இறந்துபோனார்கள். நான் படித்து, கலியாணம் கட்டி, படிப்பித்து, ஓய்வுபெற்றுத் திரும்பியபோது என் மனைவியும் இறந்திருந்தாள். கதிரைக்குப் புதுப் பிரம்பு பின்னியிருந்தது. அதில் இருந்தவளின் தலை முழுக்க நரைத்திருந்தது.

பரிகாரம் என்று சிலவற்றைச் செய்து பார்த்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு விருப்பத் தெரிவுகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். எதற்கு ஆசைப்படலாம், எது கைக்கெட்டும், எது நிச்சயம் என்று பொறுமையாகச் சொன்னேன். பல பிள்ளைகள் போனார்கள். எனக்குப் பாரம் குறையவில்லை. அக்காவுக்கு வெளிவாரிப் பட்டப்படிப்பு விண்ணப்பம் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தேன்.

"இனி ஆருக்கு?" என்று அதை மடித்து, ஆடும் மேசைக்கு அடியில் வைத்தாள்.

போன மாதம் என் பேத்தி பெறுபேற்றோடு வந்தாள். இப்போது எல்லாம் தொலைபேசியிலேயே நிரப்புகிறார்கள். போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்தால் மருத்துவம் கிடைக்கவும் கூடும், கிடைக்காமல் விடவும் கூடும். கீழே வேறு என்ன போடுகிறாய் என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை அப்பப்பா. மருத்துவம் மட்டும்தான். மிச்சத்தையும் போட்டா எனக்கே என்னில நம்பிக்கை இல்லாத மாதிரிக் கிடக்கு."

அப்பாவின் குரலை அத்தனை ஆண்டுகளின் பின் கேட்டேன். எழுந்து முன் அறைக்குப் போனேன். அக்கா கதிரையில் இருந்தாள். மதிய வேளை. வாசற்படியில் ஒரு காலை வைத்து, நிலையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் நான் எப்படி நிற்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.

நின்றபடியே, அன்று மையில் கண்டதாகப் பொய் சொன்னதையெல்லாம் சொன்னேன். அக்கா திரும்பவில்லை.

"அப்ப உண்மையா என்ன கண்டனி?"

"இந்தக் கதிரையை. உங்களை. இந்தத் தலையை."

"வேற?"

"கதவடியில ஒரு கிழவனை."

கீழே துறைமுகத்தில் சின்னச் சத்தமும் இல்லை.

"அவன் பிறகு உள்ளுக்கு வந்தவனோ?"

"தெரியாது அக்கா. பயத்தில கண்ணை எடுத்திட்டன்."

"பிள்ளையைக் கூப்பிடு," என்றாள்.

பேத்தி என்னைத் தாண்டி உள்ளே போய்த் தரையில் அமர்ந்தாள். நான் சொன்னதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். ஆழத்துக்கு ஒன்று, நடுவில் சில, கரையோடு ஒன்று. அவள் சொன்ன வரிசையைப் பேத்தி அப்படியே நிரப்பினாள். விவசாயம் வந்தபோது, "அதை ஒருக்கா வாசி," என்றாள் அக்கா. பேத்தி வாசித்தாள்.

என்னை எவரும் உள்ளே கூப்பிடவில்லை. நான் நிலையைப் பிடித்தபடி நின்றேன்.

அன்று சல்லியில் மை பார்த்த அந்தப் பிள்ளை பயந்தது கதிரையில் இருந்தவளைக் கண்டு அல்ல. அந்தக் கிழவனைக் கண்டு. ஏன் என்று அவனுக்கு அப்போது விளங்கவில்லை.