மாமாவின் மூன்றாவது வாள்

எங்கள் வீட்டில் ஜப்பானிய இராணுவ அதிகாரிகளின் வாள்கள் மூன்று இருந்தன. ஒழுங்கான கறிக்கத்தி ஒன்று இருக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இதைச் சொல்லிக்காட்டாமல் விடமாட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடாவின் ஸ்காபரோவில் பதினோராவது மாடியில் இரண்டு அறை வீடு. சோபாவுக்குக் கீழே நீளமான அட்டைப்பெட்டியில் வாள்கள். சோபாவுக்கு மேலே அவற்றின் சொந்தக்காரரான மாமா, அம்மாவின் தம்பி, படுத்துக்கொள்வார்.

மாமா ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். இங்கே பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி அடுக்கினார். அங்கே அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. தூக்கு, வை, அவ்வளவுதான். ஆனால் ஜப்பான் வாளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், சோறு ஆறிப்போகும். நூலகத்தில் அதைப் பற்றி இருந்த புத்தகங்கள் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்திருந்தார்.

"சண்டைக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ என்னடா எண்டால் வாள் வாங்கிக்கொண்டு வாறாய்" என்று அம்மா ஏசுவார்.

"அக்கா, உது ஆயுதமில்லை, சரித்திரம்" என்பார் மாமா.

மூன்றாவது வாள் பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து வந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டைக் காலி செய்யும்போது பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றார். பனி அள்ளும் சவல் வாங்கப்போன மாமா வாளோடு திரும்பி வந்தார். அதைப் பெட்சீற்றில் சுற்றிக்கொண்டு மூன்று பஸ் மாறியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டதற்கு, யன்னல் திரைச்சீலை போடுகிற கம்பி என்றாராம். அந்த மாரிகாலம் முழுக்க அப்பா குப்பை அள்ளும் தட்டால் காரைச் சுற்றிப் பனி அள்ளினார்.

முதல் இரண்டும் போர்க்காலத்தில் தொழிற்சாலையில் செய்தவை. மூன்றாவது அப்படியில்லை என்பது மாமாவின் நம்பிக்கை. சில அதிகாரிகள் தங்கள் பரம்பரை வாளுக்கே இராணுவப் பிடியும் உறையும் போட்டுக்கொண்டு யுத்தத்துக்குப் போனார்களாம். மாமா பிடியில் இருந்த சின்ன மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியை மெல்ல உருவினார். உள்ளே வாளின் அடிப்பாகம் கறுத்துத் துருவேறிக் கிடந்தது. துருவுக்குள் ஏதோ வெட்டெழுத்து. "முந்நூறு வருசம் வரும், பிள்ளை" என்றார்.

ரொறன்ரோவில் வாள் சேகரிக்கிறவர்களின் சங்கம் ஒன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். மாமா இரண்டு தடவை போய்ப் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்திருந்தார். அதில் பெரிய தலை ஒரு வயதான ஜப்பான்காரர். அவர் வந்து பார்த்து, இது பழைய வாள்தான் என்று சொல்லிவிட்டால், அடுத்த கூட்டத்தில் மாமா அதை மேசையில் வைத்து எல்லோருக்கும் விளக்கிப் பேசலாம். கனடாவுக்கு வந்து ஆறு வருடத்தில் முதல்முறையாக நாலு பேருக்கு முன்னால் நின்று படிப்பிக்கப் போகிறார்! குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இங்கிலிசில் பேசிப் பேசிப் பழகினார். வெளியே அப்பா கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்.

ஜப்பான்காரர் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஆயுத பூசை.

சனிக்கிழமை மாமா வாளைப் பிடி கழற்றி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு ஓவர்டைமுக்குப் போய்விட்டார். இனி வருகிறவருக்கு முன்னால்தான் அவிழ்க்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு. எனக்கு ஒன்பது வயது. வேலை என்று வந்தால் நான் படு கெட்டிக்காரி, இன்றைக்கும் அப்படித்தான். குத்துவிளக்கு, செம்பு, தட்டம் எல்லாவற்றையும் குளிக்கும் தொட்டிக்குள் வைத்து, ஒரு உருண்டை பழப்புளியைக் கையில் தந்துவிட்டு அம்மா வடை சுடப் போனார். நான் ஒரு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கிவிட்டேன்.

பிறகுதான் யோசித்தேன். ஒவ்வொரு வருடமும் சாமிக்கு முன்னால் அம்மாவின் கத்திரிக்கோலையும் அப்பாவின் ஸ்குறூடிறைவரையும் வைக்கிறோம். உண்மையான ஆயுதம் சோபாவுக்குக் கீழே அழுக்காகக் கிடக்கிறது. சரஸ்வதி என்ன நினைப்பாள்?

"அம்மா, மாமாவின்ரையையும் மினுக்கட்டோ?"

"ஓம் ஓம், எல்லாத்தையும் மினுக்கு" என்றார் அம்மா, எண்ணெய்ச் சட்டியை விட்டுத் திரும்பாமல்.

நான் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. வாளின் அலகில் விரல் படக்கூடாது, அதற்கு மேலே வாய் திறந்து கதைக்கக்கூடாது, எச்சில் தெறித்தால் துருப்பிடிக்கும் என்று மாமா சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். அலகைத் துணிக்குள்ளேயே விட்டேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். ஆனால் அடிப்பாகத்தை மாமாவே வெறுங்கையால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அலகுக்கு எண்ணெய் பூசிப் பூசித் துடைக்கிறவர் இந்தத் துருவை மட்டும் இத்தனை மாதமாக விட்டுவைத்திருக்கிறார், சரியான பஞ்சி பிடித்த சோம்பேறி என்று நினைத்தேன். பழப்புளியும் உப்பும் போட்டேன், துரு அசையவில்லை. சட்டி தேய்க்கிற கம்பிப் பஞ்சை எடுத்தேன். கை வலிக்க வலிக்க, விளக்குகளுக்கு எடுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் தேய்த்தேன். கடைசியில் அது புதுக் கரண்டி மாதிரி மின்னியது. ஈரம் போகத் துடைத்து, இருந்தபடியே சுற்றி வைத்தேன். மாமா அசந்துபோவார் என்ற சந்தோசத்தில் யாருக்கும் மூச்சு விடவில்லை.

ஜப்பான்காரர் நாங்கள் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மாவுக்கு உடனே அவரைப் பிடித்துவிட்டது. எழுத்தைப் பதிவெடுக்க மெல்லிய தாளும் கறுப்பு மெழுகும் கொண்டுவந்திருந்தார். மாமா கழுவி அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு முழந்தாளிட்டு இருந்துகொண்டு துணியை அவிழ்த்தார். அவிழ்த்த கை அப்படியே நின்றுவிட்டது.

பெரியவர் வாளை வாங்கிப் பல்கனிப் பக்கம் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இதைச் செய்தது யார் என்று மெதுவாகக் கேட்டார்.

நான் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஒரு அடி முன்னால் வந்தேன். மாமா என்னை ஒருதரம் பார்த்தார்.

"நான்தான்" என்றார் தன்னுடைய இங்கிலிசில். "தேய்க்கக்கூடாது என்று எனக்குத் தெரியாது."

துருவின் நிறத்தை வைத்துத்தான் வாளின் வயதைச் சொல்வது, இனி இதன் வயதை யாராலும் சொல்லமுடியாது, எழுத்தும் பாதி போய்விட்டது என்றார் பெரியவர். தாளையும் மெழுகையும் பைக்குள் திரும்ப வைத்தார். முதலில் நாலு புத்தகம் வாசியுங்கள் என்று மாமாவுக்குத் தன்மையாகவே சொன்னார். மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பெரியவர் தேத்தண்ணி குடித்து, இரண்டு வடை சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்தச் சங்கத்துப் பக்கம் மாமா பிறகு போகவேயில்லை.

இங்கிலிஸ் அவ்வளவாக விளங்காத அம்மா, "என்னவாமடா?" என்று கேட்டார்.

"நல்ல வாளாம், அக்கா" என்றார் மாமா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் செய்தது என்று அந்த அங்கிள் எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார்! பதில் சொல்ல நான் அங்கேயே நிற்கிறேன். என்னுடைய வேலையை, கை தோல் உரிய நான் செய்த வேலையை, இந்த மனிசன் தன்னுடையது என்று வாய் கூசாமல் சொல்கிறார். அன்று பூசையில் வாளுக்குச் சந்தனம் வைத்தபோது நான் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று நாள் மாமாவோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் வேலையால் வந்து, சப்பாத்துக்கூடக் கழற்றாமல் எனக்குப் பக்கத்தில் இருந்தார். "என்ன பிள்ளை, மாமாவோட கோவமோ?"

"நான் மினுக்கினதை நீங்கள் மினுக்கினதெண்டு ஏன் சொன்னனீங்கள்?"

மாமா குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். பிறகு, "பிழைதான், பிள்ளை. பெரிய பிழை" என்றார்.

"மன்னிப்புக் கேளுங்கோ."

கேட்டார். நான் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. நன்றாக யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் காக்கவைத்தேன். பிறகு பெரிய மனது பண்ணி, மன்னித்துவிட்டேன்.