மில்லடிக் காணியின் மேடும் பள்ளமும்

வீரபாகு படித்தவர்களை மதித்ததே இல்லை. எழுபத்தேழு கலவரத்தில் மலையகத்திலிருந்து தாயின் இடுப்பில் வன்னிக்கு வந்தவர், வளர்ந்து இருபத்தாறு வருடம் நில அளவையாளர்களுக்குச் சங்கிலி இழுத்தார், பற்றை வெட்டினார், குடை பிடித்தார். முள்ளுக்குள் இறங்கி அளந்தது அவர். கையெழுத்து வைத்தது அவர்கள். பாலை மரத்துக்கும் வீரை மரத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனுசரெல்லாம் காட்டுக்கு வரைபடம் போட்டதைப் பார்த்துச் சலித்துத்தான், முதுகு நோவைச் சாட்டி வேலையை விட்டார்.

கிளிநொச்சி நகரின் ஓரத்தில் முப்பத்திரண்டு ஏக்கர் மில்லடிக் காணி. அரிசி மில் எப்போதோ இடிந்துபோய்விட்டது. அதன் மேட்டுப்பக்கத்தில் வீரபாகுவும் இன்னும் பத்துக் குடும்பங்களும் போர் முடிந்து மீள்குடியேறிய நாள்முதல் காணி உறுதிப் பத்திரம் இல்லாமல் இருந்தார்கள். அந்தக் காணியில் கடைத்தொகுதி, அலுவலகங்கள், மாடிக் குடியிருப்பு, சினிமா எல்லாம் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. பதினொரு குடும்பங்களுக்கும் அதே மேட்டில் உறுதியோடு கல்வீடு தருவதாகவும் சொன்னார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அவருடைய மனைவி கமலேஸ்வரி சமைக்கிற குசினியை எந்தப் பக்கம் வைப்பதென்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

வந்தவர்கள் ஆவணி வெயிலில் வந்தார்கள். தரை பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. ட்ரோனை மேலே விட்டுவிட்டு நிழலில் நின்று இளநீர் குடித்தார்கள். பொதுநோக்கு மண்டபத்தில் படம் காட்டினார்கள். அதில் நடந்துபோன ஒருவருக்கும் வியர்க்கவில்லை, ஒரு மாடுகூடக் குறுக்கே வரவில்லை. வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லித்தான் கமலேஸ்வரி அவரைக் கூட்டிவந்திருந்தாள். மாடிக் குடியிருப்பு எங்கே வருகிறதென்று கண்டதும் அவரால் இருக்க முடியவில்லை.

"சேர், உது தண்ணி போற பாதை. குளம் நிரம்பி வான் பாஞ்சா மார்கழியில அதில வள்ளம் விடலாம். மருதமரம் உப்பிடி வரிசையா நிக்குதே, ஆரும் அழகுக்கு வைச்சதெண்டு நினைச்சீங்களோ?"

மண்டபமே சிரித்தது. திட்டத்துக்குப் பொறுப்பான சிவகரன் கோபிக்கவில்லை. "ஐயா, நாளைக்கு வந்து காட்டுவீங்களோ?" என்று பவ்வியமாகக் கேட்டான்.

காட்டினார். இரண்டு நாள் முன்னால் நடந்து, மருதமரங்களில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கறையை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். எங்கே இடுப்பளவு, எங்கே கழுத்தளவு, எந்த மேடு ஒருநாளும் நனையாது என்று சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொல்ல, படித்தவன் எழுதினான். அந்தச் சுகத்தில் முதுகு நோவுகூட மறந்துபோனது.

"ஒருத்தனுக்கும் மண்டையில ஒண்டுமில்லை," என்றார் வீட்டுக்கு வந்து.

"அப்ப எங்கட வீடு?"

"எங்கட மேடு மேடுதானே. ஆர் அசைக்கிறது?"

மூன்று மாதம் கழித்து அதே மண்டபத்தில் புதிய வரைபடம் தொங்கியது. அதை வாசிக்க வீரபாகுவுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. மாடிக் குடியிருப்பு மேட்டுக்கு ஏறியிருந்தது. மருதமர வரிசையை ஒட்டி, கீழே, பதினொரு சின்னச் சதுரங்கள்.

"என்ன சேர் இது?"

"நீங்கள் சொன்னபடிதான் ஐயா மாத்தினனாங்கள். காசு குடுத்து வாங்கிறவை வெள்ளத்துக்குப் பயப்பிடுவினம். உங்கட வீடுகளுக்கு ஒரு அடி மண் போட்டுத் தருவம். உங்களுக்கு உந்த இடம் பழக்கம்தானே," என்ற சிவகரன் வரைபடத்தின் மூலையைத் தொட்டுக் காட்டினான். தகவல் உதவி: திரு. வீரபாகு.

கழுத்தளவு என்று தானே சொன்ன இடம். அவர் எழுத்துக்கூட்டி இரண்டுதரம் தன் பெயரை வாசித்தார்.

கமலேஸ்வரி அந்தப் பெயரைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். இருபத்தாறு வருடமாக அவர் நில அளவைத் துரைமாரைப் பார்த்த அதே பார்வை.

"நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தா, அவங்களெல்லோ நனைஞ்சிருப்பாங்கள்."