அந்த வால்வுகள் யாருக்கு

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஆலோசனை அலுவலகம் தொடங்கினேன். என் வேலையை அம்மாவுக்கு விளக்குவதுதான் பெரும்பாடு. சில சாமான்கள் மருந்துக் கம்பெனிக்கும் ஆகும், விஷவாயு தயாரிக்கவும் ஆகும். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும். கடைசியில் யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதையும் காட்ட வேண்டும். அதற்குக் கம்பெனிகளுக்கு உதவுகிறேன் என்றேன்.

"இது போலீஸ் வேலையில்ல?" என்றார் அம்மா.

முதலில் வந்தவர் கெலமங்கலம் ரோட்டில் வால்வு செய்யும் சின்னக் கம்பெனி முதலாளி. வளைகுடா நாட்டிலிருந்து அவருக்கு இதுவரை வராத பெரிய ஆர்டர் வந்திருந்தது. எந்த அமிலமும் அரிக்காத உள்பூச்சு போட்ட வால்வுகள்.

"தண்ணி சுத்தம் பண்ணத்தான் மேடம். சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்றார்.

தண்ணீருக்கு எதற்கு இவ்வளவு உசத்தியான வால்வு? விஷவாயு தயாரிக்கும் இடத்துக்கும் இதே மாதிரி வால்வுதான் வேண்டும் என்பது எனக்கு உறுத்தியது. வாங்குபவரின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு இளைஞன் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தான். ஓசூர் என்றதும் தமிழுக்கு மாறிவிட்டான்.

"அக்கா, எனக்கு ராயக்கோட்டைப் பக்கந்தான். அங்க மழை பெய்யுதா?"

மழையைப் பற்றிச் சிரித்துப் பேசினோம். பிறகு கேட்டேன், "இந்த வால்வு கடைசியில யாருக்குப் போகுதுப்பா?"

அவன் பின்னால் ஏதோ கதவு சாத்தப்படும் சத்தம்.

"அத மட்டும் கேக்காதீங்கக்கா" என்றான். குரல் சுருங்கிப்போயிருந்தது. லைன் துண்டிக்கப்பட்டது.

முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் ஷெட்டில் பாதி முடிந்து கிடந்த வால்வுகளைப் பார்த்தார். "என் பொண்ணு வயசுப் புள்ளைங்க மேல அந்த விஷவாயு போய் விழுந்தா?" என்றார். ஆர்டர் வேண்டாமென்று அன்றே தகவல் அனுப்பினார். அந்த விவரத்தை நான் டெல்லிக்கும் தெரிவித்தேன். பார்க்கிறோம் என்றார்கள். அதற்குமேல் எனக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

சில வாரம் கழித்து, பஸ் ஸ்டாண்டு அருகே நடந்துகொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. அதே குரல்.

"அனுப்பாதது நல்லதுக்கா."

"நீ எங்கப்பா இருக்க? உன் பேரு என்ன?"

"பேரு வேண்டாம்க்கா." ரோட்டுச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை. திரும்ப அழைத்தபோது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது.

ஓசூரில் துணி வியாபாரம் செய்யும் ஒரு பாயின் மச்சான், வால்வு கேட்ட கம்பெனி இருந்த அந்த வளைகுடா ஊரில் இருந்தார். அவர் போய்ப் பார்த்தார். அந்த முகவரியில் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரருக்கு அப்படி ஒரு கம்பெனி இருந்ததே தெரியவில்லை.

இப்போது எனக்கு வாடிக்கையாளர்கள் அதிகம். வால்வு முதலாளியும் வேறு ஆர்டர்களோடு வருகிறார். யாருக்குப் போகிறது என்று எவரிடம் கேட்டாலும், பதில் வருவதற்குள் ஒரு கதவு சாத்துகிற சத்தம் எனக்குள் கேட்டுவிடுகிறது.

போன மாதம் வேறு வேலையாக, அந்தப் பையன் சொன்ன ராயக்கோட்டைக்குப் போனேன். தக்காளி மண்டியில் ஆட்கள் பேசுவதைக் கேட்டபடி நின்றுவிட்டேன் போல.

"யாரும்மா வேணும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

யாரென்று சொல்வது? தக்காளி என்ன விலை என்று கேட்டேன்.