கர்க்கடகம் முடியட்டும் என்றவன்

பழவங்காடிப் பிள்ளையாரை நம்புகிற எல்லாரிடமும் இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் பெயர் முருகேசன். சொந்த ஊர் வள்ளியூர். பத்தொன்பது வருடமாகத் திருவனந்தபுரத்தில் சிப்ஸ் போடுகிறேன்.

எங்கள் தொழிலில் நேந்திரங்காயைக் கொதிக்கிற எண்ணெய்க்கு மேலேயே பிடித்துச் சீவ வேண்டும். என் வலது கை முழுக்கத் தழும்பு. காலால் மிதித்தால் சீவல் தானாக எண்ணெயில் விழுகிற மாதிரி ஒரு கருவிக்குப் படம் வரைந்தேன். போன ஆடியில் பேட்டன்ட் விண்ணப்பமும் தயார். கருவியைச் செய்து தரச் சொல்லி லேத் பட்டறை சுகுமாரனுக்குப் படத்தைப் போனில் அனுப்பினேன். என் வீட்டில் கை நனைத்தவன்.

குரல் செய்தி அனுப்பினான். "அண்ணாச்சி, நீங்க வரைஞ்ச படம் கண்டேன், கொள்ளாம், நல்லாருக்கு. ஆனா இப்ப கர்க்கடகம் அல்லே? நல்ல காரியம் ஒண்ணும் தொடங்கண்டா. சிங்ஙம் ஒண்ணு வரட்டும். கணபதிக்குத் தேங்கா உடைச்சிட்டு விண்ணப்பம் கொடுங்க."

மலையாளத்துக் கர்க்கடகம்தான் நம் ஆடி. ஆடியில் நாமும் எதையும் தொடங்க மாட்டோமே! காத்திருந்தேன். சிங்ஙம், அதாவது நம் ஆவணி, முதல் தேதி தேங்காய் உடைத்துவிட்டுத்தான் விண்ணப்பித்தேன். மூன்றாம் நாள் சாலைக் கடைத்தெருவில் என் கருவி நிற்கிறது. அவன் பெயர், அவன் விண்ணப்ப எண். அந்தக் கர்க்கடகத்திலேயே விண்ணப்பம் கொடுத்துவிட்டான்!

தூ! சாமி பெயரைச் சொல்லிக் கழுத்தறுப்பவனும் மனிதனா? அவன் வந்து உட்கார்ந்த நாற்காலியைத் தூக்கித் தெருவில் போட்டேன். அவன் பேச்சைக் கேட்ட என் மேலும் அருவருப்பு.

"பேட்டன்ட் ஆபீஸ் முடிவு வர வருஷக்கணக்காகும். ஓணத்துக்கு அவன் விற்கிறதுக்கு முன்னாடி கோர்ட்டுல இடைக்காலத் தடை கேக்கணும். அவன் தேதிக்கு முன்னாடியே படம் உங்ககிட்ட இருந்ததுக்குச் சாட்சி வேணும்" என்றார் வக்கீல். சாட்சி என் போனில் இருந்தது. போனோ எண்ணெய்ச் சட்டியில் விழுந்து பொரிந்து போயிருந்தது.

மறுநாள் பிள்ளையார் சன்னிதியில் நின்று சண்டை போட்டேன். "உன் பேரைச் சொல்லித்தானே என்னை நிறுத்தினான்? பாத்துட்டுதானே இருந்த? எனக்கு ஒரு சாட்சி குடு!" தேங்காயை ஓங்கி உடைத்தேன். வாய்விட்டு அழுதேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவி செல்வி முழங்கையால் இடித்தாள். "ஏங்க, அவன் பேசுனத எனக்கும் அனுப்புனீங்கள்லா? 'பாரு, எவ்வளவு பக்தியுள்ள மனுஷன்'னு?"

அங்கேயே அவள் போனைத் திறந்தோம். இருந்தது! தேதியோடு, அவன் குரலிலேயே.

வஞ்சியூர் கோர்ட்டில் அதைக் கேட்டார்கள். ஓணத்துக்கு ஆறு நாள் முன்பு தடை உத்தரவு வந்தது. பேட்டன்ட் யாருக்கு என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் அவன் கருவி ஒன்றுகூட விற்கவில்லை. அந்த ஓணத்துக்கு நான் வேறொரு பட்டறையில் செய்து வாங்கிய என் கருவியில்தான் சிப்ஸ் போட்டேன். கையில் புதுத் தழும்பு இல்லை.

பிள்ளையாரை நம்புங்கள், கைவிட மாட்டார். ஆனால் அவர் பெயரைச் சொல்லி உங்களைக் காத்திருக்கச் சொல்பவனை நம்பாதீர்கள். கருவியில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். அதற்கு இன்று காலைதான் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்து தேங்காய் உடைத்தேன். இன்று கர்க்கடகம் பத்து.