நாலு வாளித் தண்ணீர்

1. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு மேலே இருந்த காட்டில் பாதியை, புதுத் தேயிலை நடுவதற்காக வெட்டினார்கள்.
2. அந்தக் காட்டடியில் சுரக்கும் ஊற்றுதான் எங்கள் குடிதண்ணீர். அது மெலியத் தொடங்கியது.
3. நான் தினமும் அளந்து எழுதினேன்.
4. மீதிக் காட்டையும் வெட்டலாம் என்பதற்கு நான் எழுதியதே சாட்சியாயிற்று.

நாலாவதை எழுத இத்தனை நாள் கை வரவில்லை.

மருத்துவிச்சிப் பயிற்சி முடித்து மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்துக்கு வந்தபோது எனக்கு மரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிரசவத்துக்கு வெந்நீர் கேட்டால் கலங்கலாக வந்தது. அப்போதுதான் மேலே நிமிர்ந்து பார்த்தேன். மீதிக் காட்டையாவது விடும்படி தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டேன்.

"தண்ணி கொறையுதுன்னு எழுதிக் காட்டு," என்றார்.

காலையில் எழுப்பத் தப்புமேளம் அடித்ததிலிருந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் வரை, ஊற்றுநீர் விழும் பீலியில் எத்தனை வாளி நிறைகிறது என்பதே என் அளவு. பிரசவம் பார்க்கப் போகும் நாட்களில், கொழுந்து பறிக்கும் லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருந்த அக்கா எண்ணிச் சொல்வார். முதல் வாரங்களில் நானே எண்ணினேன்; அதன் பிறகு பிரசவங்கள் அதிகம். பெரும்பாலான நாட்கள் அக்காவுடையவை. சொன்னதை எழுதினேனே தவிர, திருப்பிப் பார்க்கவில்லை.

துரை நான் எழுதிய கொப்பியைப் புரட்டிவிட்டு, "கொறையவே இல்லியே," என்றார்.

பீலிக்கரையில் அக்காவிடம் கேட்டேன்.

"கொழுந்து நிறுக்கையில ரெண்டு ராத்தல் புடிச்சுக்கிறாங்கல்ல, நர்சம்மா? இந்தக் கணக்குலயும் வெட்டுவாங்கன்னு நாலு வாளி சேத்துச் சொன்னேன். பத்தலியா?"

"ஒங்க வாயாலயே ஊத்து பெருகிருச்சுக்கா," என்றாள் வாளியோடு நின்ற ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

நான் அக்காவைத் திட்டவில்லை. அளவு குறைந்தால்தான் நம் பக்கம் நியாயம் நிற்கும் என்று அவருக்கு நான் சொல்லியிருக்கவே இல்லை.

நடந்ததைச் சொல்ல மறுபடி துரையிடம் ஓடினேன். "கொப்பி ஒன்னோடதுதானே?" என்றார். ஹட்டனுக்கு பஸ் ஏறி, ஓர் அதிகாரியிடம் சிங்களத்தில் மன்றாடினேன். தோட்டத்துக்குள் நடப்பதில் தான் தலையிட முடியாது என்றார். திரும்பி வந்து இறங்கியபோது மரம் விழும் சத்தம் பாதை வரை கேட்டது.

இப்போது ஊற்றுக்கு மேலே ஒரு மரமும் இல்லை. பீலியில் வருவது சொட்டு. பெண்கள் பெரட்டுக்கு முன்னால் கீழே ஆற்றுக்குப் போய்ச் சுமந்து வருகிறார்கள்; பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பக்கத்துத் தோட்டத்திலும் ஊற்றுக்கு மேலே மரங்களில் வெட்டுக்குறி போட்டிருக்கிறார்கள். அங்கே அளக்க அனுமதி கேட்டு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.