எரிந்த கரும்புக்கு நான் எழுதிய முடிவு

என் மனைவிக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் அடுத்தடுத்த வயலில் இருவரும் கரும்பு போட்டிருந்தார்கள். ஒரு பங்குனியில் தம்பி வயலில் தீப்பிடித்து, காற்றில் அண்ணன் வயலுக்கும் தாவியது. தம்பியுடையது முற்றிய கரும்பு. எரிந்த கரும்பு எடை குறைவதற்குள் அரைத்தாக வேண்டும் என்பதால் வழக்கமாக மாதக்கணக்கில் காக்கவைக்கும் சர்க்கரை ஆலை உடனே வெட்டு உத்தரவு கொடுத்துவிட்டது. அண்ணனுடையது இளம்பயிர்; அத்தனையும் கருகிப்போயிற்று. மின்கம்பி உரசிப் பொறி விழுந்ததாக ஊரே நம்பியது. "வுடுறா, கம்பி மேல கேஸா போட முடியும்?" என்று தம்பியைத் தேற்றியதும் அந்த அண்ணன்தான்.

சின்னசேலம் ரயிலடியில் ஒருநாள் தம்பிக்காரன் என்னிடம் உடைந்து அழுதான். "கம்பி இல்ல மாமா, நாந்தான் வச்சேன். கரும்பு நின்னுக்கினே காயுது, உத்தரவுக்கு நடந்து நடந்து காலு ஓஞ்சி போச்சி. அண்ணன் வயலுக்குப் போவும்னு நெனைக்கல. அக்காகிட்டகூட சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. கதை எழுதினேன்! வெட்கங்கெட்ட பிழைப்பு. முதலில் எழுதியதில் தீ கம்பியிலிருந்துதான் விழுந்தது. அவனிடமே வாசித்தும் காட்டினேன். "சூப்பரு மாமா" என்றான். பத்திரிகைக்கு அனுப்பினேன், திரும்பி வந்தது. ஊரை மாற்றி, தலைப்பை மாற்றி வேறு பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பின. அவனோ பார்க்கும்போதெல்லாம், "இன்னா மாமா, நம்ம கத வந்துச்சா?" என்பான். கடைசியில் ஓர் ஆசிரியர், தீ தானாகப் பிடித்தால் இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே தம்பி கையில் தீப்பெட்டியைக் கொடுத்துக் கதையை முடித்தேன். அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பான், அதனால்தான் கேட்கவில்லை.

கதை வந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவனே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு கடையில் பார்த்து வாங்கிவிட்டான். ஏற்கெனவே கேட்ட கதைதானே என்று பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், "நம்ம கரும்பு எரிஞ்சத மாமா கதையா எழுதிக்கீறாருண்ணே, படிச்சிப் பாரு" என்று கையில் கொடுத்திருக்கிறான்.

அண்ணன் படித்து முடித்து, "நீயும் படிடா" என்று பத்திரிகையைத் தம்பியிடமே நீட்டினாராம். அதோடு சரி, பேச்சுவார்த்தை இல்லை. பாவி நான்!

முடிவு பிரமாதம் என்று எனக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்துகொண்டிருந்த வாரத்தில் அவன் வீட்டுக்கு வந்தான். திட்டுவான் என்று பயந்தேன். திட்டியிருந்தால் தேவலை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கேட்டான்.

"மாமா, அந்தக் கடைசிய மட்டும் மாத்தி, கம்பிதான்னு அடுத்த மாசம் போடச் சொல்ல முடியுங்களா? அண்ணனாண்ட எடுத்துக்கினு போய்க் காட்டுறேன்."