அந்தக் காப்புக் கயிறும் திரையில் தெரிந்த துள்ளலும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே பல வருடங்கள் ஓடிவிட்டன. அப்போதெல்லாம் காலையில் நன்றாக இருப்பேன். சாயங்காலமானால் இமை தொங்கிவிடும், குடத்தைத் தூக்கக் கை வராது. "வேலைன்னா மட்டும் கை விழுந்துருமாக்கும்? என்னா நடிப்புடி!" என்பார் கணவர். பழனிக்கு வேண்டிக் கையில் காப்புக் கயிறு கட்டிக்கொண்டேன். திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே பஸ் ஏறினேன்.

நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கும் அறையில், வைக்க வேண்டிய இடமே கயிறு கட்டியிருந்த அந்த மணிக்கட்டுதான். கையை இழுத்துக்கொண்டேன்.

"முருகனுக்குக் கட்டுனதும்மா, அவுக்க மாட்டேன்."

"உங்கள யாருக்கா அவுக்கச் சொன்னா? செத்த மேல ஏத்திக்குவோம்," என்று பரிசோதனை செய்யும் பெண் கயிற்றைப் பதமாக நகர்த்தினாள்.

கரண்ட் வைக்க வைக்கச் சுண்டுவிரல் வெட்டி வெட்டி இழுத்தது. மெஷின் திரையில் கோட்டின் முதல் துள்ளல் உயரமாக எழும்பியது. அடுத்தடுத்தவை குட்டையாகிக்கொண்டே போயின.

"பாத்தீங்களாக்கா? நரம்பு கூப்பிடுது, சதைக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. இதை யாராலயும் நடிக்க முடியாது."

ஷாக்குக்கு அழாத நான் அதற்கு அழுதேன்.

என் உடம்பே என் சதைக்கு எதிரியான நோயாம். இன்றும் முருகனைக் கும்பிட்டுத்தான் மாத்திரை போடுகிறேன். ஆனால் என்னை நம்புவதற்கு வீட்டில் ஒருவரும் இல்லாமல், ஒரு மெஷின் வேண்டியிருந்ததே!

இதை யாருக்காவது சொன்னால், அதிசயம் எதையும் சேர்க்காதீர்கள். அந்தப் பெண் சொன்ன கடைசி வார்த்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.